நன்கொடை திரட்டும் குழு நிலைக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். மதுரை அருகே மாலைநேரப் பள்ளி நடத்தும் எங்கள் அறக்கட்டளையில், நன்கொடை திரட்டச் சேர்பவர்கள் ஓராண்டுக்குள் விலகிவிடுகிறார்கள்; அவர்களோடு நன்கொடையாளர்களின் தொடர்பும் அறுந்துபோகிறது. திரட்டும் தொகையில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னால் நிலைப்பார்களா?

முதல் பதில்:
பங்கு முறை வேண்டாம், ஐயா. தொகையைக் கூட்டும் அவசரத்தில் கொடுப்பவரை நெருக்கத் தொடங்கிவிடுவார்கள். நிலையான சம்பளம் கொடுங்கள். எங்கள் அமைப்பில் ஒருவர் விலகியபோது நன்கொடையாளர்களின் எண்கள் அனைத்தும் அவருடைய கைப்பேசியோடு போய்விட்டன. அதன்பின், யார் எப்போது கொடுத்தார், பிள்ளையின் பிறந்தநாளுக்கா, தாயாரின் நினைவுநாளுக்கா என்பதுவரை அலுவலகப் பதிவேட்டிலேயே எழுதிவைக்கிறோம். மறு ஆண்டு அதே நாளில் யார் அழைத்துப் பேசினாலும் அவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள்.

இரண்டாம் பதில்:
நிறுவனங்களை அணுகுவதற்குத் தனியாக ஒருவரை அமர்த்துங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, சட்டம் குறிக்கும் அளவுக்குப் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; அந்தத் தொகையைப் பெற, உங்கள் அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு (இத்தொகையைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்புகள் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தில் செய்யும் பதிவு) அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அறங்காவலர்களும் நேரில் கேட்கப் போக வேண்டுமா?

முதல் பதில் எழுதியவர்:
கட்டாயம் போக வேண்டும், ஐயா. புதிதாகச் சேர்ந்தவரை முதல் ஆறு மாதம் தனியே அனுப்பாதீர்கள்.