கார்டு வரிசை இல்லாமல் சார்லி ஹேடன் எதைப் பற்றிக்கொண்டு வாசித்தார்?

கேள்வி (காட்பாடி)

வணக்கம். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கீபோர்டுக்காரர் எந்த கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) நிற்கிறாரோ அதன் மூலசுரத்தை (அந்த கார்டுக்கு அடிப்படையான சுரத்தை) பிடித்துக்கொண்டு போவதே என் வேலை. அண்மையில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் நால்வர் குழுவின் 1959ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கேட்டேன். அவற்றில் பியானோவும் இல்லை, கிட்டாரும் இல்லை. தனி வாசிப்பின்போது வகுத்து வைத்த கார்டு வரிசையும் இல்லையாம். அப்படியானால் அக்குழுவில் டபுள் பேஸ் (நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய மர பேஸ்) வாசிக்கும் சார்லி ஹேடன் தோன்றியதை வாசிக்கிறாரா?

மறுமொழி 1 (ஆற்காடு)

இல்லை. நம் கச்சேரியில் ராக ஆலாபனையின்போது பாடகர் அடுத்து எந்தச் சங்கதிக்குப் போவார் என்று தெரியாமலே வயலின்காரர் உடன் செல்வதைப் போன்றது அது. கோல்மனின் சாக்ஸஃபோன் போகும் திசையைக் கேட்டு, அதற்குப் பொருந்தும் சுரத்தை ஹேடன் அந்தக் கணத்திலேயே கீழே வைக்கிறார்.

மறுமொழி 2 (குடியாத்தம்)

ஆற்காட்டு நண்பர் சொல்வது பாதி சரி. வயலின்காரர் பின்தொடர்ந்தாலும் தம்புராவின் ஆதார சட்ஜம் அசைவதில்லை. ஹேடனிடம் அந்த ஆதாரமே நகர்கிறது. மேலே சாக்ஸஃபோன் ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது கீழே பேஸ் ஒரு படி இறங்கினால், அதே சுரம் வேறு நிறம் கொள்ளும். ஆகவே அவர் பின்தொடர்பவர் மட்டும் அல்லர், முடிவெடுப்பவரும்கூட.

இந்தக் காது அவருக்கு வீட்டிலேயே அமைந்தது. 1937இல் அயோவா மாநிலத்தின் ஷெனண்டோவாவில் பிறந்த அவர், வானொலியில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடிவந்த குடும்பத்தில் இரண்டு வயது நிரம்பும் முன்பே பாடத் தொடங்கிவிட்டார். ஒருவர் மெட்டைப் பாட மற்றவர்கள் அதற்கு இசைந்த வேறு சுரங்களைப் பாடும் முறையில் வளர்ந்தவருக்கு, மெட்டுக்கு அடியில் என்ன ஒலிக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. பதினைந்து வயதில் போலியோ தாக்கித் தொண்டை நரம்புகள் பாதிக்கப்பட்டதால் பாட்டு நின்றது, பேஸ் நிலைத்தது. 1957இல் லாஸ் ஏஞ்சலீஸ் சென்றார். கோல்மனைச் சந்தித்தது அங்கேதான்.

வேகத்தைக் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. குடல் நரம்புத் தந்திகளின் கனத்த மர ஒலியில் சில சுரங்களை நின்று பேசவிடுவார். இதை எளிமை என்று சிலர் குறைத்து மதிப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை.

மறுமொழி 3 (திருப்பத்தூர்)

அவருடைய அரசியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியட்நாம் போர்க்காலத்தில், 1969இல், ஜாஸ் பியானோ கலைஞர் கார்லா பிளேயுடன் சேர்ந்து விடுதலை இசைக்குழுவை உருவாக்கியவர் அவர். சர்வாதிகாரத்தின் கீழிருந்த போர்ச்சுகலில் 1971இல் கோல்மனுடன் மேடையேறியபோது, அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு விடுதலை இயக்கங்களுக்குத் தம் பாடலொன்றைக் காணிக்கையாக்கியதற்காகக் கைது செய்யப்பட்டார். 1982இல் கலிஃபோர்னியக் கலை நிறுவனத்தில் (கால்ஆர்ட்ஸ்) ஜாஸ் பாடப்பிரிவைத் தொடங்கினார். 2014இல் மறைந்தார்.

கேட்டவர் (காட்பாடி)

நன்றி. பயிற்சிக்குக் கோல்மன் பதிவுகளையே எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 2 (குடியாத்தம்)

வேண்டாம். கிட்டார் கலைஞர் பேட் மெத்தனியுடன் அவர் இணைந்து 1997இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதில் டிரம்ஸ் இல்லை, மெட்டுகளும் நிதானமானவை. ஆகவே அவர் எந்த இடத்தில் மூலசுரத்தை விட்டு விலகுகிறார், எப்போது திரும்புகிறார் என்பது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். பிறகு தேவாலயத்தில் நன்கு பழகிய பாடல் ஒன்றில், கீபோர்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு சரணத்துக்கு மட்டும் மூலசுரத்துக்குப் பதிலாக அதே கார்டின் மூன்றாம் சுரத்தை வாசித்துப் பாருங்கள்.