பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்த சின்னப் பீரங்கி: திரித்துளை அடைத்துக்கொண்டது, ட்ரில் போடலாமா?

மலைக்கோட்டையான்:

ஊர் திருச்சி, இருப்பது பென்சில்வேனியாவில். பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா ஒருவர் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது தன் சின்னப் பீரங்கியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவரே வீட்டில் செய்தது. ஓக் மரச் சக்கரவண்டி, அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புக் குழல். நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வரும். வாய் ஏறக்குறைய ஒரு அங்குலம். குண்டு எல்லாம் கிடையாது, ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று வெறும் கரிமருந்து போட்டுச் சத்தத்துக்காகச் சுடுவார். இரண்டு வருஷம் நானே பார்த்திருக்கிறேன், நல்ல சத்தம்.

பிரச்சினை என்னவென்றால், பின்பக்கம் மேலே திரி சொருகுகிற சின்னத் துளை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊசி விட்டால் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. துருவா கரியா தெரியவில்லை. பொடி ட்ரில் பிட் ஒன்று வைத்து எடுத்துவிடலாமா? இல்லை, துரு இளக்குகிற டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து ஊற வைக்கலாமா? இந்த ஜூலை 4-க்குப் பையனுக்குச் சுட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். மருந்தும் ஒரு ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்.

கார்த்தி_டெட்ராய்ட்:

2 மி.மீ. பிட் போதும் ப்ரோ. மெதுவான ஸ்பீடில் வையுங்கள்.

சிப்பாய் வேஷம்:

தம்பி, ட்ரில்லைக் கீழே வையுங்கள். மேலே சொன்னவர் தெரியாமல் சொல்லிவிட்டார்.

நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன். உள்நாட்டுப் போர்க்கால வேஷம் கட்டிப் பீரங்கி சுட்டுக் காட்டும் குழு ஒன்றில் எட்டு வருஷமாக இருக்கிறேன். எங்கள் குழுவில் கறுப்புத் தோல் நான் ஒருத்தன்தான், அந்தக் கதை தனி. முதலில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உள்ளே மருந்து இல்லை என்று எப்படித் தெரியும்?

மலைக்கோட்டையான்:

போன வருஷம் சுட்டதுதான் கடைசி. இல்லை, போன வருஷம் சுடவில்லை. இரண்டு தடவை திரி வைத்தார், புஸ் என்று போனது, வெடிக்கவில்லை. மழை வரவே கார் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டார். அதற்கப்புறம் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

சிப்பாய் வேஷம்:

அப்படியானால் அது நிரப்பிய பீரங்கி. காலி என்று நிரூபிக்கும்வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ட்ரில் பிட் உரசும் சூடும் பொறியும் கரிமருந்துக்குத் தாராளம். துளைக்கு நேர் மேலே உங்கள் முகம் இருக்கும்.

ஒரு வருஷத்தில் மருந்து செத்துப்போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பழைய பீரங்கி இருக்கிறது, 1780-ல் மூழ்கிய ஹெச்எம்எஸ் ஹஸ்ஸார் என்ற ஆங்கிலேயக் கப்பலுடையது என்பார்கள். 2013 ஜனவரியில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்த பூங்கா ஊழியர்கள் அதன் வாயைத் திறந்தால் உள்ளே குண்டு, அடைப்புப் பஞ்சு, 800 கிராமுக்கு மேல் மருந்து. அந்த மருந்து இன்னும் எரியக்கூடிய நிலையில்தான் இருந்தது. போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு வந்து எடுத்தது. அதுவரைக்கும் பல தலைமுறை அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கும்.

சத்தி மலைக்காரி:

அண்ணா சொல்வது சரி. எங்கள் தாத்தாவிடம் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கின நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது, காட்டுப்பன்றிக்கு. மருந்து இடிக்கிற கம்பில் கத்தியால் இரண்டு வெட்டு வைத்திருப்பார். காலித் துப்பாக்கியில் விட்டால் கம்பு மேல் வெட்டு வரை இறங்கும். மருந்து இருந்தால் கீழ் வெட்டோடு நிற்கும். சுவரில் மாட்டும்முன் ஒரு தடவை, எடுக்கும்போது ஒரு தடவை, கம்பை விட்டுப் பார்க்காமல் கை வைக்கமாட்டார். "அதுக்கு வாயில்லை, கம்பைத்தான் கேக்கணும்" என்பார். உங்கள் பீரங்கிக்கும் கணக்கு அதேதான்.

மலைக்கோட்டையான்:

எப்படி அளப்பது? உள்ளே குச்சி விடுவதே ஆபத்தில்லையா?

சிப்பாய் வேஷம்:

மெல்லிய மரக்குச்சி, இரும்பு கூடாது. வாய்க்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டி, தானாக இறங்குகிற வரை விடுங்கள். குத்தவோ திருகவோ வேண்டாம். வாய் ஓரத்தில் குச்சியில் பென்சில் கோடு. அப்புறம் குச்சியைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். காலிக் குழலில் குச்சி திரித்துளையைத் தாண்டி அடிவரை போயிருக்க வேண்டும். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் செய்யவே வேண்டாம், நேராகப் போலீஸின் அவசரமில்லாத எண்ணுக்குப் பேசுங்கள். பையன் வீட்டுக்குள் இருக்கட்டும்.

கார்த்தி_டெட்ராய்ட்:

மன்னிக்கவும், நான் மருந்து இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது இல்லையா?

கந்தகபூமி:

சிவகாசியிலிருந்து. தண்ணீர் ஊற்றினால் அப்போதைக்கு அடங்கும். ஆனால் இறுக இடித்த மருந்துக்கு மேலே காகித அடைப்பு இருந்தால் தண்ணீர் அடிவரை போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நனைந்தது காய்ந்தால் மறுபடி எரியும். அதைவிடப் பெரிய கவலை, அந்த ஊறுகாய் ஜாடி. கடையில் வாங்கினது என்றால் டப்பாவிலேயே கொடுத்திருப்பார். வீட்டில் இடித்தது போலிருக்கிறது. அதில் என்ன கலந்தார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் சில உப்புகளைக் கந்தகத்தோடு சேர்த்தால் உரசினாலே போய்விடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜாடி மூடியின் மரையில் பொடி ஒட்டியிருக்கும், திருகினால் அதுவும் உரசல்தான்.

இங்கே மருந்து அறைக்குள் போகும்முன் செருப்பைக் கழற்றி, தரையோடு இணைத்த செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் போவார்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க. இரும்புச் சாமான் உள்ளே வராது. அப்படி இருந்தும் என்ன நடக்கிறது என்று பேப்பரில் பார்க்கிறீர்கள். ஜாடியைத் திறக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள்.

மலைக்கோட்டையான்:

அளந்துவிட்டேன். வெளியில் வாயிலிருந்து திரித்துளைக்கு 14 அங்குலம். குச்சி உள்ளே 9½ தான் போனது. கை நடுங்குகிறது.

சிப்பாய் வேஷம்:

நாலரை அங்குலம் நிறைந்திருக்கிறது. அந்தக் குழலுக்கு அது ஒரு தடவை போட்டது மாதிரிகூடத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். வாய் யார் வீட்டுப் பக்கமும் பார்க்காமல் இருந்தால் சரி, பார்த்திருந்தாலும் அதைத் திருப்பப் போகாதீர்கள், போலீஸிடம் சொல்லிவிடுங்கள். போலீஸுக்குப் பேசும்போது ஜாடியையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாக வந்து சொல்வதுதான் உங்களுக்கும் நல்லது.

மலைக்கோட்டையான்: (மறுநாள்)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு போலீஸ்காரர் வந்தார், எட்டிப் பார்த்தார், எங்களையும் எதிர்வீட்டுக்காரரையும் தெருமுனைக்குப் போகச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்து வெடிகுண்டுப் பிரிவு வேன். என் மனைவி பேசவில்லை, பார்த்த பார்வை போதும். பையன் மட்டும் சந்தோஷமாக இருந்தான், அவனுக்கு ரோபோ வண்டியைக் காட்டினார்கள்.

குழலையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று மதியம் போனில் சொன்னார்கள்: உள்ளே ஒன்றல்ல, இரண்டு தடவை மருந்து. நடுவில் செய்தித்தாள் உருண்டை. முதல் தடவை வெடிக்காமல் போனதும் தாத்தா அதன் மேலேயே இன்னொன்று போட்டு இடித்திருக்கிறார். மேல் அடைப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தால் சூப்பர் மார்க்கெட் கூப்பன், கோழித்தொடை பவுண்டு 99 சென்ட் என்று. வந்த அதிகாரி சிரிக்காமல் சொன்னார், நான் சிரித்துவிட்டேன், அப்புறம் வயிற்றைக் கலக்கியது.

காலிசெய்த குழலின் படமும் அனுப்பினார்கள். உள்ளே வாயிலிருந்து அடிவரை மயிரிழை மாதிரி ஒரு நேர்கோடு. அடியில் மரை போட்ட மூடி. இதைத் திரும்ப வாங்கி, துளையைச் சுத்தம்செய்து, கடை மருந்து கொஞ்சமாகப் போட்டுச் சுடலாமா? இரண்டு வருஷம் தாங்கியதுதானே?

லேத்துப்பட்டறை:

கோவை, முப்பது வருஷம் டூல் ரூம். அந்தக் கோடு கீறல் இல்லை, வெல்டிங் தையல். தகட்டை உருட்டி விளிம்பைப் பற்றவைத்த குழாய் அது. தண்ணீரும் கேஸும் ஒரே சீராக அழுத்தும், அதற்காகச் செய்தது. மருந்து அழுத்தாது, அறையும். அறை வாங்கினால் முதலில் பிரிவது தையல், அடுத்தது அடிமூடியின் மரை. மரையின் ஒவ்வொரு பள்ளமும் விரிசல் பிறக்கிற இடம். அதற்குள் துரு பிடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது, பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

"தாங்கியதுதானே" என்பது இரும்புக்குப் புரியாத பேச்சு தம்பி. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதில்லையா? பத்தாவது வளைப்பில் ஒடிந்தால், முதல் ஒன்பதும் தாங்கியதாகத்தானே கணக்கு.

சிப்பாய் வேஷம்:

1844 பிப்ரவரி 28, யுஎஸ்எஸ் பிரின்ஸ்டன் கப்பல். 'பீஸ்மேக்கர்' என்று சமாதானப் பெயர் வைத்த ராட்சத இரும்புப் பீரங்கி. அன்றைக்கே முன்னால் சுட்டு விருந்தாளிகள் கைதட்டியாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டுச் சுட்டபோது அடிப்பக்கம் வெடித்தது. வெளியுறவு அமைச்சர் அப்ஷர், கடற்படை அமைச்சர் கில்மர் உட்பட ஆறு பேர் செத்தார்கள். ஜனாதிபதி டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் பிழைத்தார். அது நாட்டின் கடற்படைக்காகச் செய்த பீரங்கி. உங்களுடையது கார் ஷெட்டில் செய்தது.

பழங்கதை வேண்டாம் என்றால், 2021 பிப்ரவரியில் மிச்சிகனில் ஒரு வளைகாப்பு விருந்தில் சின்னப் பீரங்கி சுட்டார்கள். குண்டு இல்லை, சத்தத்துக்கு மட்டும். குழலே சிதறி, தள்ளி நின்ற 26 வயது விருந்தாளி இறந்துபோனார். குண்டு போடவில்லை என்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

உங்கள் குழலை அறுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள். வண்டியை வைத்துக்கொள்ளுங்கள், அதன்மேல் மரக்குழல் கடைந்து வைத்தால் அழகாக இருக்கும்.

மலைக்கோட்டையான்:

சரி, அறுக்கச் சொல்லிவிட்டேன். ஆசை மட்டும் போகவில்லை அண்ணே. முறையாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

சிப்பாய் வேஷம்:

முதலில் குழல். பெயர் போட்ட ஆள் செய்தது, தையல் இல்லாத எஃகு, அடியில் மரை மூடி கிடையாது. மருந்து இருக்கும் இடத்தில் சுற்றுச்சுவர் குறைந்தது துளையின் விட்டம் அளவுக்குத் தடிமன் வேண்டும் என்பது பழைய பீரங்கிக்காரர்கள் கணக்கு. வாயின் விட்டம் ஒரு அங்குலம் என்றால் சுவரும் ஒரு அங்குலம். கடையில் கிடைக்கும் சாதாரணத் தண்ணீர்க் குழாய் அப்படி வராது.

மருந்து கடையில் விற்கும் கரிமருந்து மட்டும், அதுவும் பீரங்கிக்கென்று உள்ள பெரிய குருணை. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைத் தொடவே கூடாது, அதன் அழுத்தம் வேறு ரகம்.

மற்றதெல்லாம் ஒழுக்கம்தான். சுட்டதும் முதலில் சுருள் கம்பியை விட்டுக் கிழிசல், காகிதம் எல்லாவற்றையும் இழுப்போம். அப்புறம் ஈரப் பஞ்சுக்கோல், அப்புறம் உலர்ந்தது. இது நடக்கும்போதெல்லாம் ஒருத்தர் தோல் உறை போட்ட கட்டைவிரலால் திரித்துளையை அழுத்தி மூடியிருப்பார். காற்று போனால் உள்ளே கிடக்கும் கங்கு உயிர்பெறும். அந்தக் கங்குதான் அடுத்த மருந்தை இடிக்கிறவர் கையைப் பறிக்கும். இடிக்கிறவர் கோலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் போடமாட்டார், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைப்பார். கோல் பறந்தால் விரல் அதோடு போகாமலிருக்க. உடம்பு எப்போதும் வாய்க்கு வெளியே.

வெடிக்கவில்லை என்றால் யாரும் நகரமாட்டோம். தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அவர் சொல்லும்வரை காத்திருப்போம். அதன்மேல் இன்னொரு மருந்து போடுவது என்ற பேச்சே இல்லை. உங்கள் தாத்தா சறுக்கியது இங்கேதான்.

வாய்தா வக்கீல்:

ஒரு வரி சட்டம். அமெரிக்க மத்தியச் சட்டத்தில், பழைய ரகத் துப்பாக்கி, பீரங்கிக்காகப் பொழுதுபோக்குக்கு 50 பவுண்டு வரை கரிமருந்து உரிமமில்லாமல் வைத்துக்கொள்ளும் சலுகை வணிகமாகத் தயாரித்த மருந்துக்கு மட்டும்தான். ஊறுகாய் ஜாடிக்குக் கிடையாது. மாநிலமும் நகராட்சியும் இதற்குமேல் கட்டுப்பாடு வைக்கலாம், அதைத் தனியே விசாரியுங்கள்.

மலைக்கோட்டையான்:

தாத்தாவுக்குப் போன் போட்டேன். இரண்டு மருந்து இருந்தது என்றதும் ரொம்ப நேரம் பேசவில்லை. "இரண்டாவதைப் போட்டது ஞாபகமே இல்லை" என்றார். அவருக்கு 84 வயது.

பையனிடம் ஜூலை 4-க்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சிப்பாய் வேஷம்:

பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே. கெட்டிஸ்பர்க் கூட்டிக்கொண்டு போங்கள். 1863-ல் அங்கே சண்டை நடந்தது ஜூலை 1 முதல் 3 வரை, அதனால் அந்த வாரம் கூட்டம் அலைமோதும், காலையிலேயே போய்விடுங்கள். கோடையில் வேஷம் கட்டிய குழுக்கள் பீரங்கி சுட்டுக் காட்டுவார்கள். பையனுக்குக் காது அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். திரித்துளையில் கட்டைவிரல் வைத்திருக்கும் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தி மலைக்காரி:

அந்தப் பென்சில் கோடு போட்ட குச்சியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அண்ணா.

மலைக்கோட்டையான்:

வண்டியில் குழல் இருந்த இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.