முடியிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும் முள்காய்க் களையான மருளூமத்தையின் காயோடு மல்லுக்கட்டிய அனுபவம் யாருக்கு உண்டு?

வால்பிடி:
எங்கள் நாய்க்கு நீள முடி. புதர்ப்பக்கம் போய்வந்தால் காதுக்குப் பின்னால், தொடையிடுக்கில், வாலில் எல்லாம் மருளூமத்தைக் காய்தான். பிடித்து இழுத்தால் முடியோடு வரும், கத்தித் தீர்த்துவிடும். இப்போது குறட்டால் காயை நசுக்கிவிடுகிறேன். அப்புறம் கொஞ்சம் எண்ணெய் தடவி, முடியின் நுனியிலிருந்து சீப்பால் வாரினால் தூள்தூளாக உதிர்கிறது. கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். சிக்குக்குள் தோல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கால் விரலிடுக்கையும் பார்த்துவிடுங்கள்.

களைக்கொத்தி:
நாயை விடுங்கள், நிலத்தில் வந்தால்தான் இதன் குணம் தெரியும். முற்றிய காய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெளியே சுற்றிலும் கொக்கி முள், நுனியில் இரண்டு தடித்த அலகு. உள்ளே இரண்டு அறை, அறைக்கு ஒரு விதை. பெரும்பாலும் ஒன்று அடுத்த பருவத்தில் முளைத்துவிடும். இன்னொன்று மண்ணுக்குள் சும்மா கிடந்து, ஒரு வருஷமோ அதற்கும் மேலோ கழித்துத் தலைகாட்டும். ‘போன தடவையே வேரோடு பிடுங்கினேனே’ என்று புலம்புகிறவர்கள் செய்ததில் குறையே இல்லை, காய் அப்படி. பூக்கும் முன் பிடுங்கினால் வேலை பாதி. காய் முற்றியபின் பிடுங்கப் போனால் வேட்டியிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்கும் வந்துவிடும். காய் தண்ணீரில் மிதக்கும் என்பதால் வாய்க்கால் கரையை முதலில் பாருங்கள்.

வெல்க்ரோ என்ற ஒட்டுப்பட்டை இதிலிருந்துதான் வந்தது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். 1941-இல் அதைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் முடியில் பார்த்தது பர்டாக் காய், அது வேறு செடி.

இரவுநடை:
விளக்குக் கம்பத்தடியில் நின்ற மருளூமத்தைச் செடிகள் இலையாகவே தழைத்துக்கொண்டிருந்தன, தள்ளி இருட்டில் நின்றவை பூத்துவிட்டன. இதற்குப் பூக்க நீண்ட இரவு வேண்டும், சுமார் 8½ மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்த இருட்டு. நடுவில் சில நிமிஷம் வெளிச்சம் பட்டாலே கெட்டுவிடும் என்று ஹாம்னர், பானர் என்ற தாவர ஆய்வாளர்கள் 1938-இலேயே இந்தச் செடியை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

மாட்டுக்காரி:
முள்காயை மாடு தொடாது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஆபத்து நாற்றில். குட்டை வற்றிய கரையில் கொத்தாக முளைத்து நின்றதை எங்கள் கன்றுகள் மேய்ந்துவிட்டன. சாயங்காலமே ஒன்று தள்ளாடிப் படுத்தது, மருத்துவர் வருவதற்குள் போய்விட்டது. விதையிலும் முதலில் விரியும் அந்த இரண்டு நீள வித்திலையிலும்தான் நஞ்சு, ஈரலைத் தாக்கும் என்றார். மழை விட்டதும் இப்போது அந்தக் கரையை ஒரு சுற்றுப் பார்த்து, கொத்திவிட்டுத்தான் கன்றுகளை அவிழ்க்கிறோம். பன்றி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள்.