சோழவரம் ஓடுதளம்: தாத்தா சொல்வது சரியா, அப்பா சொல்வது சரியா?

மீஞ்சூர்வாசி:
சோழவரம் பக்கம் போனாலே எங்கள் தாத்தா, "வெள்ளைக்காரன் பிளேன் இறக்கின இடம்" என்பார். அப்பாவோ, "ரேஸ் நடந்த இடம்டா அது" என்கிறார். மீனம்பாக்கம் இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொரு விமானதளம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன், அப்புறம் அந்தமான். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். மூர் மார்க்கெட் பக்கம் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று சிங்கம், புலியையெல்லாம் சுட்டே கொன்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் மீனம்பாக்கம் ஒன்றையே நம்பி உட்கார முடியுமா? அதனால்தான் சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று போர்க்காலத்தில் அங்கங்கே தளம் போட்டார்கள்.

சண்டை முடிந்ததும் இவற்றில் பல சும்மா கிடந்தன. சோழவரத்துக்கு மட்டும் யோகம். 1950களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்த ஆரம்பித்தது. நான் பார்த்ததெல்லாம் கடைசிக் காலம். செங்குன்றத்தில் பட்டறையில் வேலை. ரேஸ் என்றால் முதலாளியே கடையைச் சாத்திவிட்டு முன்னால் போவார். விமானத்துக்குப் போட்ட தளம் என்பதால் நேராக ஓடும், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நேர்ப் பாதையில் பறந்து வருகிறவன் முனையில் சட்டென்று வேகத்தைக் குறைத்துத் திரும்பியாக வேண்டும். வேடிக்கையே அங்கேதான். பிரேக் லைனிங் கருகும் வாசனை எங்கள் பக்கம் வரும், முதலாளி "இவன் இன்னும் ரெண்டு ரவுண்டுகூட தாங்க மாட்டான்" என்பார். பெரும்பாலும் தாங்க மாட்டான். எண்பதுகளில் விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். எனக்கென்னவோ ராஜ்தூத் 350 பைக் சத்தம்தான் பிடிக்கும்.

ஏரிக்கரை:
அருமை அண்ணே. அப்புறம் ஏன் நின்றது?

பழைய ஸ்பேனர்:
இரவல் இடம் எத்தனை நாளைக்கு? கிளப் தனக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி வளைவு நெளிவோடு முறையான டிராக் போட்டது, 1990இல் திறந்தார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதான் சரி. சோழவரத்தில் வண்டிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்றைக்கு யாராவது அப்படி நடத்தினால் நானே போலீசில் சொல்லிவிடுவேன்.

ரன்வே ரசிகன்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே காலத்து அரக்கோணத்தைக் கடற்படை எடுத்துக்கொண்டது. 1992இல் ஐ.என்.எஸ். ராஜாளி ஆனது, நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் இப்போது அங்கிருந்துதான் பறக்கின்றன. தஞ்சாவூருக்கு 2020இல் சுகோய் போர் விமான அணியே வந்துவிட்டது.

மீஞ்சூர்வாசி:
நன்றி சார். அப்பாவிடம் ராஜ்தூத் கதையைக் கேட்கிறேன். அவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார் போல.

பழைய ஸ்பேனர்:
முனைத் திருப்பத்தில் நின்றாரா என்று கேளுங்கள். அங்கே நின்றவர் என்றால் எங்கள் முதலாளியின் குரல் கட்டாயம் ஞாபகம் இருக்கும்.