கழுவக் கழுவத் திரும்பி வரும் ஃபிரிட்ஜ் பூசணம்

கேள்வி (திருநகரிலிருந்து):

மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட உசிலம்பட்டிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய் ஒன்பது நாள் தங்கிவிட்டோம். கரண்ட் பில்லாவது மிச்சமாகட்டும் என்று ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்து, கதவையும் இறுகச் சாத்திவிட்டுப் போனதுதான் நான் செய்த புத்திசாலித்தனம். திரும்பி வந்து திறந்தால், உள்ளே மறந்துவிட்டுப்போன தேங்காய் மூடி ஒன்று சாம்பல் நிற மயிர் முளைத்து எலிக்குஞ்சைப் போலக் கிடந்தது. கண்ணாடித் தட்டுகளில் பச்சைப் படலம். கதவு ரப்பரின் மடிப்புகளிலோ மிளகைப் பொடித்துத் தூவியதைப் போன்ற கரும்புள்ளிகள்.

பாத்திரம் துலக்கும் சோப்பைக் கொண்டு அன்றே எல்லாவற்றையும் கழுவினேன். தட்டுகள் சுத்தமாகிவிட்டன; ஆனால் மூன்றே வாரத்தில் ரப்பரில், அதிலும் கீல் பக்கத்துக் கீழ் மூலையில், கரும்புள்ளிகள் மறுபடியும் வந்துவிட்டன. காய்கறிப் பெட்டிக்கு அடியிலும் எந்நேரமும் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு உடையது, வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன, பனி கட்டினால் பட்டனை நாமே அழுத்திக் கரைக்க வேண்டிய வகை.

ப்ளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து தேய்த்தால் அடியோடு போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு என்பதால் தயங்குகிறேன். இட்லி மாவிலும் ஊறுகாயிலும் லேசாகப் பூசணம் பூத்திருந்தால் மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (அனுப்பானடியிலிருந்து):

முதல் வேலையாக அந்தக் கலவையை மறந்துவிடுங்கள், சகோதரி. ப்ளீச்சிங் பவுடரோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த சமையலறையில் அது நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே மூச்சை முட்டும் என்றால், ஆஸ்துமா உள்ளவருக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும்; இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காமலிருப்பதே நல்லது.

சுத்தம் செய்யும் நேரத்தில் மாமியாரை வேறு அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, நீங்கள் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். பூசணத்தைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும் என்பதால் எப்போதும் ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ரப்பரின் மடிப்புகளில் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, வெறும் தண்ணீரால் துடைத்து, கடைசியில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பலரும் இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால் உள்ளே ஈரம் மிச்சமிருப்பது தெரியும். உட்சுவர்களுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போதும். கண்ணாடித் தட்டைக் குளிர்ச்சியோடு எடுத்து வெந்நீரில் போட்டுவிடாதீர்கள், விரிசல் விழும் (நான் ஒன்றை இழந்திருக்கிறேன்).

வினிகர் எல்லா வகைப் பூஞ்சையையும் கொல்வதில்லை. புள்ளிகள் மறுபடியும் வந்தால், வேறொரு நாளில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் திரவ ப்ளீச் கலந்து துடைத்து, நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். அதற்கும் மேல் கறை நின்றால் அது ரப்பரில் ஊறிய சாயமாகவும் இருக்கலாம்.

மாவையும் ஊறுகாயையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே தெரிவது பூ மட்டும்தான்; இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காயாக இருந்தால் பூசணம் பிடித்த இடத்தைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம்.

பதில் 2 (செல்லூரிலிருந்து, ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர்):

மேலே சொன்ன சுத்தம் எல்லாம் சரிதான், அக்கா. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காதவரை நீங்கள் மாதந்தோறும் ரப்பரைத் தேய்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள். கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகள் 4 டிகிரி குளிரிலும் மெதுவாக வளரக்கூடியவை. குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. அவற்றுக்கு வேண்டியது ஈரம்.

உங்கள் வீட்டில் ஈரம் இரண்டு வழியாக வருவதாகத் தோன்றுகிறது. ஒன்று, கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்று பொருள். நம் ஊர் வெக்கையில் அந்த இடுக்கு வழியே நுழைகிற வெளிக்காற்று உள்ளே வந்ததும் வேர்த்துத் தண்ணீராகிறது, ஃப்ரீசரில் பனியும் சீக்கிரம் கட்டுகிறது. ரப்பர் வளைந்திருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி நேராக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பெட்டியின் முன்கால்களைச் சற்றே உயர்த்தி வைத்தால் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும்.

இரண்டாவது, காய்கறிப் பெட்டிக்கு அடியில் நிற்கும் தண்ணீர். பட்டனை அழுத்தியதும் கரைகிற பனி, ஃப்ரீசருக்குக் கீழுள்ள தட்டின் வழியாகப் பின்சுவரில் இருக்கும் சிறு துளைக்குள் இறங்கி, வெளியே கம்ப்ரஸருக்கு மேலிருக்கும் தட்டில் போய்ச் சேர வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் அது சுவரோடு வழிந்து காய்கறிக்கு வந்துவிடும். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துத் துளைக்குள் மெதுவாகப் பீச்சுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பனிக்கட்டியைக் கத்தியால் பெயர்ப்பதும் வேண்டவே வேண்டாம், ஒரு குத்தில் கேஸ் போய்விட்டு என்னிடம் வருகிற ஃபிரிட்ஜுகள் ஏராளம்.

பின்பக்கத் தட்டையும் வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள். அங்கேயும் பூசணம் பிடிக்கும். அதோடு டெங்குக் கொசு முட்டையிடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. நோட்டு மூன்று பக்கமும் இறுக்கமாக நின்றது. கீழ் மூலையில் மட்டும் இழுப்பதற்கு முன்பே கழன்று விழுந்தது. ஹேர் டிரையர் காட்டியபின் பரவாயில்லை, ஆனாலும் புது ரப்பருக்குச் சொல்லிவிட்டேன். சிரிஞ்சால் நாலாவது முறை பீச்சியபோது துளையிலிருந்து வெளியே வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரு துண்டு வாழைநாரும், அதில் கோத்தபடியே கறுத்துப்போன இரண்டு மல்லிகை மொட்டுகளும். மாலையில் வாங்கும் பூவை ஈரத் துணியில் சுற்றி ஃப்ரீசருக்குக் கீழுள்ள தட்டில்தான் வைப்பது வழக்கம்.

பதில் 3 (வாடிப்பட்டியிலிருந்து):

2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிகையே ஆனாலும் அந்தத் தட்டில் அதற்கு இடமில்லை. தண்ணீர் தெளிக்காமல் வாழையிலையில் மடித்து, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு நடுத் தட்டில் வையுங்கள். மறுநாள் காலை வரை வாடாது, உதிர்வதும் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். கொத்தமல்லியையும் கறிவேப்பிலையையும் கழுவியவுடன் உள்ளே தள்ளாமல், ஈரம் போக உலர்த்திப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போவது ஒரு வாரத்துக்குள் என்றால் ஃபிரிட்ஜை அணைக்காமலே விட்டுச் செல்லுங்கள். அதற்கு மேல் என்றால் முற்றிலும் காலி செய்து, பனியைக் கரைத்து, பின்தட்டு உட்படத் துடைத்து உலர்த்திவிட்டு, கதவு சாத்திக்கொள்ளாதபடி மடித்த துண்டு ஒன்றை இடுக்கில் செருகி வையுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கதவைத் திறந்துவைத்திருக்கும் நாட்களில் அந்த அறையைப் பூட்டிவிடுவது அவசியம்.