ஒத்திசைவு மென்பொருளில் கோப்புகளை அழிக்கும் பொத்தானுக்கு எச்சரிக்கை எழுதுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். கணினிகளுக்கிடையே கோப்புறைகளை ஒத்திசைக்கும் மென்பொருள் ஒன்றுக்குத் திரைச் செய்திகள் எழுதி வருகிறேன். 'அனுப்ப மட்டும்' என்று அமைத்த கோப்புறையில் (தன் மாற்றங்களை அனுப்பும், பிற கணினிகளின் மாற்றங்களை ஏற்காது), மற்ற கணினிகளில் யாரேனும் மாற்றம் செய்திருந்தால், 'மாற்றங்களை மேலெழுது' என்றொரு பொத்தான் தோன்றும். அதற்குரிய எச்சரிக்கை: "இச்செயலை மீளப்பெற இயலாது. தொடரலாமா? ஆம் / இல்லை." பயனர்கள் தயங்காமல் 'ஆம்' அழுத்திவிட்டு, கோப்புகள் காணாமற்போன பிறகே உதவி கேட்டு வருகிறார்கள். எழுத்தைச் சிவப்பாக்கியும் பயனில்லை. வாசகத்தில் என்ன குறை?

மறுமொழி 1:
எந்தக் கணினியில், எந்தக் கோப்புகளுக்கு, என்ன நேரும் என்பது அதில் எங்குமே இல்லை. பொத்தானை அழுத்துபவர் தம் கண்முன் உள்ள கோப்புறையை மட்டுமே நினைக்கிறார். அழிவதோ வேறொரு கணினியில். சின்க்திங் என்ற ஒத்திசைவு மென்பொருளிலும் இதே பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், பிற கணினிகளில் திருத்தப்பட்ட கோப்புகள் அனுப்பும் கணினியின் பதிப்புக்குத் திரும்புவதோடு, அங்கே புதிதாகச் சேர்க்கப்பட்டவை அழிந்தும் போகும். 'பெற மட்டும்' வகைக் கோப்புறையில் உள்ளூர் மாற்றங்களைக் கைவிடும் பொத்தானோ, அழுத்துபவரின் கணினியிலேயே அழிக்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கையை வைக்காதீர்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "அலுவலகக் கணினியில் 14 கோப்புகள் அழிக்கப்படும், 3 கோப்புகள் இந்தக் கணினியிலுள்ள பதிப்புக்கு மாறும். இந்தக் கணினியில் எதுவும் மாறாது." பொத்தான்களில் 'ஆம்', 'இல்லை' வேண்டாம், '14 கோப்புகளை அழி', 'எதையும் மாற்றாதே' என்றே இருக்கட்டும். அந்த 14 கோப்புகளின் பெயர்ப்பட்டியலையும் அங்கேயே திறந்து பார்க்க முடிய வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: சிறு மாற்றத்துக்கும் பேரழிவுக்கும் ஒரே குரலில் எச்சரித்தால், பயனர் எதையும் படிக்காமல் அழுத்தப் பழகிவிடுவார். வெளி வட்டு இணைக்கப்படாத நிலையில், அது இருக்க வேண்டிய கோப்புறை வெறுமையாகத் தெரியும்போது, ஆர்சிங்க் என்ற நகலெடுப்பு மென்பொருளை, இந்தப் பக்கம் இல்லாதவற்றை மறுபுறத்தில் அழிக்கும் தெரிவோடு இயக்கினால், மறுபுறத்தில் உள்ள அனைத்தும் போய்விடும். இதற்காகவே ஆர்சிங்க்கில் அழிக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். எதையும் தொடாமல் வெள்ளோட்டம் பார்க்கவும் வழியுண்டு. யூனிசன் என்ற ஒத்திசைவு மென்பொருள், ஒரு பக்கம் முழுவதும் அழிந்திருந்தால் தனியாக உறுதி கேட்கிறது. உங்கள் மென்பொருளிலும் பெரும்பகுதி அழியப்போகும்போது மட்டும் கடுமையாக நிறுத்திக் கேளுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. "அழிந்தவற்றைப் பழைய பதிப்புகளிலிருந்து மீட்கலாம்" என்ற வரியையும் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
பொதுவாகச் சேர்க்கக் கூடாது. கோப்புகள் எந்தக் கணினியில் அழிகின்றனவோ, அந்தக் கணினியில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி இயக்கப்பட்டிருந்தால்தான் மீட்க முடியும். அழுத்துபவரின் கணினியில் அது இருப்பதால் பயனில்லை. மறுமுனையின் அமைப்பை உங்கள் மென்பொருளால் அறிய முடிந்தால் அதற்கேற்ற வரியைக் காட்டுங்கள், முடியாவிட்டால், "அலுவலகக் கணினியில் பழைய பதிப்புகள் சேமிக்கப்படுகின்றனவா என்று முதலில் பாருங்கள், இல்லையெனில் இந்த 14 கோப்புகளையும் இங்கிருந்து மீட்க முடியாது" என்று எழுதுங்கள்.