மறு: ‘இன்சுலின் எதிர்ப்பு’க்கு மாற்றாக உணர்மந்தம்?

நண்பர்களே,

எடை குறையாமல் இருப்பதற்கான ஹார்மோன் காரணங்கள் பற்றி ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற சொற்கள் ஒருவழியாக அமைந்துவிட்டன, insulin resistance என்பதற்கு வழங்கும் இந்த ‘இன்சுலின் எதிர்ப்பு’ மட்டும் தொண்டையில் சிக்கிய முள். முதல் படியைச் சித்தியிடம் கொடுத்தேன். “உடலில் இன்சுலின் எதிர்ப்பு அதிகமாக உள்ளது” என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எதிர்ப்பு சக்தி கூடுதலா இருந்தா நல்லதுதானே?” என்றார். அவர்மேல் தப்பே இல்லை. நோய் எதிர்ப்பு நல்லது என்று நாம்தானே இத்தனை நாளாகச் சொல்லி வைத்திருக்கிறோம்!

> ‘இன்சுலின் தடை’ என்றால் என்ன, மின்சாரத்தில் resistance-க்கு மின்தடை இருக்கிறதே?

இருக்கிறது ஐயா, ஆனால் இன்சுலின் தடை என்று படித்தால் யாரோ அதை விற்கக் கூடாதென்று ஆணை போட்டதுபோல இருக்கிறது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் அங்கே எதிர்ப்பும் இல்லை, தடையும் இல்லை. இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த இன்சுலின் சொல்வது தசைக்கும் கல்லீரலுக்கும் சரியாக எட்டவில்லை, அவ்வளவுதான். காது மந்தமானவரிடம் பேசுகிறவர் குரலை உயர்த்துவதுபோல, கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அதனால் பல ஆண்டுகள் சர்க்கரை அளவு ஒழுங்காகவே இருக்கும், இன்சுலின் மட்டும் ஏறிக்கொண்டே போகும், சிலருக்குப் பிடரி கறுத்துத் தடிப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிற முதல் அடையாளம். சேமித்த கொழுப்பை வெளியே விடாதே என்று சொல்வதும் இன்சுலினின் வேலை என்பதால் எடைப் பேச்சில் இது வருகிறது. (எடை குறையாததற்கு முழுப் பழியையும் இதன்மேல் போட முடியாது, எடை கூடுவதாலும் இது வரும். கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.)

1936-இல் ஹிம்ஸ்வர்த் என்ற ஆங்கிலேய மருத்துவர் நீரிழிவை இரண்டாகப் பிரித்தபோதுகூட இன்சுலினை உணர்வது, உணராதது என்றுதான் பிரித்தார். எதிர்ப்பு என்ற சொல்லை அவர் அந்தப் பிரிவுகளுக்கு வைக்கவில்லை.

முதலில் ‘மரப்பு’ என்று யோசித்தேன், மரத்துப்போவதிலிருந்து. நல்ல சொல், ஆனால் ஒரு புள்ளியெழுத்து விட்டுப்போனால் ‘இன்சுலின் மரபு’ ஆகிவிடும், மரபணு பற்றியும் பேசுகிற கையேட்டில் அது வம்பு. வெறும் ‘மந்தம்’ என்றால் இன்சுலினே மந்தமாகச் சுரக்கிறது என்று நேர்மாறாகப் புரியும். ‘ஏற்புமந்தம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கிட்டத்தட்ட சரி, ஆனால் கோளாறு பெரும்பாலும் செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் (receptor) இல்லை, இன்சுலின் அதில் வந்து ஒட்டியபிறகு உள்ளே செய்தி கடத்தப்படும் வழியில்தான். அப்புறம்தான் ‘உணர்மந்தம்’ வந்தது. sensitivity-க்கு உணர்திறன் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதற்கு எதிர்ச்சொல்லாக இது தானே போய் உட்கார்ந்துகொள்கிறது.

வேறு இடங்களில் நிற்கிறதா என்று பார்த்தேன். லெப்டினை 1994-இல் கண்டுபிடித்தபோது, கொழுப்பின் இருப்பை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் இது, ஊசியாகப் போட்டால் பசி அடங்கி எடை இறங்கிவிடும் என்று பெரிய எதிர்பார்ப்பு. பார்த்தால் பருமனான பெரும்பாலோருக்கு அது ஏற்கெனவே நிறையவே இருந்தது, மூளைக்குத்தான் உறைக்கவில்லை. லெப்டின் உணர்மந்தம், பொருந்துகிறது. தைராய்டில் இன்னும் தெளிவு: சுரப்பி குறைவாகச் சுரந்தால் சுரப்புக்குறை, போதிய அளவு சுரந்தும் திசுக்கள் கேட்காத அந்த அரிய நோய்க்கு உணர்மந்தம். நுண்ணுயிர்க்கொல்லிக்கு மட்டும் எதிர்ப்பே இருக்கட்டும், கிருமிகள் உண்மையாகவே எதிர்க்கின்றன.

> உணர்வுமந்தம் என்று எழுதலாமா?

வேண்டாம். மனம் சோர்ந்தவரைச் சொல்வதுபோல ஆகிவிடும். உணர்திறன் மாதிரி வினைத்தொகையாகவே இருக்கட்டும், ஒற்றும் மிகாது.

திருத்திய வரியைச் சித்தியிடம் காட்டினேன். “காது மந்தம் மாதிரியா?” என்றார். எனக்கு அது போதும், உங்களுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். எடை குறையக் குறைய உடல் தன் செலவைத் தானே சுருக்கிக்கொள்வதற்கு ‘தகவமை வெப்பவாக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே வாயில் நுழையவில்லை, அதைத் தனி இழையில் போடுகிறேன்.